விக்டோரியா கால நகைச்சுவை நாடகங்களில் 'குறையே இல்லாத துணை' என்ற எதிர்பார்ப்பு எவ்வாறு கையாளப்படுகிறது?

இந்தக் கேள்விக்கு ஆஸ்கர் வைல்டின் நாடகங்களை வைத்துப் பதில் சொல்லவே எனக்குத் தெரியும். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில் அவற்றைச் சிரிப்பதற்காகவே படித்தேன். திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தபோதுதான், அந்த மாந்தர்களில் பாதிப் பேர் தம் துணையிடம் உண்மையைச் சொல்ல அஞ்சியே வாழ்கிறார்கள் என்பது கண்ணில் பட்டது.

'ஆன் ஐடியல் ஹஸ்பெண்ட்' (இலட்சியக் கணவன்) 1895 ஜனவரி 3 அன்று லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அதன் நாயகர் ராபர்ட் சில்டெர்ன் நேர்மைக்குப் பேர்போன அரசியல்வாதி. ஆனால் அவருடைய செல்வத்துக்கு வித்திட்டது ஒரு துரோகம். இளம் வயதில் ஓர் அமைச்சரிடம் செயலாளராக இருந்தபோது, சூயஸ் கால்வாய்ப் பங்குகளை அரசு வாங்கப்போகும் ரகசியத்தை ஒரு பெரும் பணக்காரருக்குக் கடிதத்தில் எழுதிக்கொடுத்து 1,10,000 பவுண்டு பெற்றவர் அவர். (அந்தக் கொள்முதல் மட்டும் கற்பனையன்று, 1875இல் பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலியின் அரசு எகிப்தின் ஆட்சியாளரிடமிருந்து ஏறத்தாழ 40 லட்சம் பவுண்டுக்கு அந்தப் பங்குகளை வாங்கியது.) பழைய கடிதத்துடன் வந்து சேரும் திருமதி செவ்லி, அர்ஜென்டினாவில் கால்வாய் வெட்டுவதாகச் சொல்லப்படும் ஒரு மோசடித் திட்டத்தை நாடாளுமன்றத்தில் ஆதரிக்காவிட்டால் அதை அம்பலப்படுத்துவேன் என்கிறாள். ராபர்ட் பணிந்துவிடுகிறார்.

அன்றிரவே அவருடைய மனைவி கெர்ட்ரூட், உள்ளே என்ன புதைந்திருக்கிறது என்று சிறிதும் அறியாமல், அந்தத் திட்டத்தை ஆதரிக்க முடியாது என்று செவ்லிக்குக் கடிதம் எழுதவைத்து, உடனே அனுப்பியும் விடுகிறாள். நீங்கள் என்றும் அன்புக்குத் தகுதியானவராகவே இருப்பீர்கள், ஆகையால் உங்களை என்றும் நேசிப்பேன் என்ற பொருள்படப் பேசுகிறாள். கேட்பதற்கு இனிமையான சொற்கள்தாம். ஆனால் தகுதி போனால் அன்பும் போகும் என்பது அவற்றுக்குள்ளேயே அடங்கியிருப்பதால், உண்மையைச் சொல்லத் துடித்திருக்கக்கூடிய கணவனின் வாயை அவை அடைத்துவிடுகின்றன. செவ்லி கையில் இருந்த கடிதத்துக்கு அவ்வளவு வலிமை வந்ததில் பத்திரிகைகளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் பங்குண்டு என்றாலும், பெரும்பங்கு இந்த மனைவியின் பார்வைக்கே உரியது என்று நான் நினைக்கிறேன்.

உண்மை வெளிவந்தபின் ராபர்ட் வெடிக்கிறார்: எங்களை ஏன் பீடத்தில் ஏற்றிவைக்கிறீர்கள், குறைகளோடு ஏன் நேசிக்கக்கூடாது என்கிறார். இருபது வயதில் இந்தப் பேச்சைப் படித்து நெகிழ்ந்தேன். இப்போது படித்தால், தான் செய்த குற்றத்தின் பழியை மனைவியின் தலையில் கட்டும் சாமர்த்தியமாகவும் அது தெரிகிறது. வைல்டுக்கும் இது தெரிந்திருக்கிறது. கடைசி அங்கத்தில், மன்னிப்புப் பெற்ற ஈரம் காய்வதற்குள், நண்பர் கோரிங் பிரபுவின் ஒழுக்கத்தில் ஐயம் கொண்டு தம் தங்கை மேபலை அவருக்குக் கட்டிக்கொடுக்க மறுப்பவர் இதே ராபர்ட்தான். அந்த ஐயத்தைப் போக்க, தான் கோரிங்குக்கு எழுதிய கடிதத்தைக் கணவருக்கு எழுதியதாக நம்பவிட்ட சிறு பொய்யைக் கெர்ட்ரூடும் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. நாடகத்தின் உச்சமான நகைச்சுவை இந்த இடம்தான் என்பேன்.

எனக்கு ஒவ்வாத இடமும் ஒன்று உண்டு. ஆணின் வாழ்க்கை பெண்ணின் வாழ்க்கையைவிட மதிப்பு மிக்கது என்று கோரிங் கெர்ட்ரூடுக்கு உபதேசிக்க, அவள் அதைக் கிளிப்பிள்ளைபோலக் கணவனிடம் ஒப்பிக்கிறாள். 1857ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டப்படி மனைவிக்கு வேறோர் ஆணுடன் இருந்த தொடர்பு ஒன்றே கணவனுக்குப் போதிய காரணமாக இருந்தது. மனைவியோ, கணவனுக்கு வேறொரு பெண்ணுடன் இருந்த தொடர்போடு, அதற்கு மேல் கொடுமையையோ கைவிடுதலையோ, அதுபோன்ற வேறொரு குற்றத்தையோ நிரூபிக்க வேண்டியிருந்தது. சட்டமே பெண்ணுக்கென உயரமான பீடத்தைக் கட்டிவைத்திருந்த காலத்தில், ஆணை மட்டும் கீழே இறக்கிவிடச் சொல்வது நியாயமாகப் படவில்லை. 1892இல் வந்த 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்' நாடகத்தில் முன்பு ஒழுக்கம் தவறிய தாய், மகளிடம் தான் யாரென்று சொல்லாமலே இங்கிலாந்தை விட்டுப் போகிறாள். ராபர்ட்டுக்கோ அமைச்சரவையிலேயே இடம் கிடைக்கிறது.

'ஆன் ஐடியல் ஹஸ்பெண்ட்' வந்த அடுத்த மாதம், 1895 பிப்ரவரி 14 அன்று மேடையேறிய 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட்' இதே எதிர்பார்ப்பை வெறும் பெயராகச் சுருக்கிவிடுகிறது. அதன் இரு நாயகிகளில் க்வெண்டலனுக்குக் கணவன் பெயர் எர்னெஸ்ட் என்றிருக்க வேண்டும். செசிலி ஒருபடி மேலே போய், முகமே பார்த்திராத எர்னெஸ்டுடன் மூன்று மாதங்களுக்கு முன்பே நிச்சயம் செய்துகொண்டு, மோதிரத்தைத் தானே வாங்கி, அவன் எழுதவேண்டிய காதல் கடிதங்களையும் தானே எழுதி, முறிவு இல்லாத நிச்சயதார்த்தம் கனமாக இருக்காது என்று ஒருமுறை முறித்தும் நாட்குறிப்பில் பதிந்து வைத்திருக்கிறாள். நேரில் வருபவனுக்கு மிச்சமிருக்கும் வேலை, அந்தப் பெயருக்குள் போய் நிற்பது மட்டுமே. வேறு பெயர் கொண்ட அவர்களின் காதலர்கள் இருவரும் அந்தப் பெயருக்காகவே புதிதாக ஞானஸ்நானம் பெறக் கிளம்பிவிடுகிறார்கள்!

இந்தக் கூட்டத்தில் பீடம் ஏறாத ஒரே ஆண் கோரிங். தம் கெட்ட குணங்களை அவரே எச்சரிக்கையாகச் சொல்லும்போது, அவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் விட்டுவிடக் கூடாது என்கிறாள் மேபல். நாடகத்தின் முடிவில் கோரிங்கின் தந்தை, இலட்சியக் கணவனாக நடந்துகொள்ளாவிட்டால் சொத்தில்லை என்று மகனை மிரட்ட, இலட்சியக் கணவன் என்பது மறுவுலகத்துச் சமாச்சாரம்போல இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று அவள் மறுத்துவிடுகிறாள்.