நடை வேகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மோட்டார் சைக்கிளில் ரோந்து செல்லும் போலீசாரைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில், சாலையில் ஓட்டுபவர்களிலேயே மிகத் தேர்ந்தவர்கள் அவர்கள்தாம் என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது மிகையாகப் பட்டது. பந்தய வீரர்கள் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிப் போகிறார்கள். போலீசாரோ விழாக்களில் கூம்புகளுக்கு நடுவே நடை வேகத்தில் வட்டமடித்துக் கைதட்டல் வாங்குகிறார்கள். இதில் என்ன திறமை இருக்கிறது?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் தங்கை காவல்துறையின் மோட்டார் சைக்கிள் பிரிவுக்குத் தேர்வாகியிருக்கிறாள். பயிற்சியின் முதல் வாரத்திலேயே வண்டியைப் பதினொரு முறை கீழே போட்டுவிட்டாள். அவள் எடை 54 கிலோ. வண்டி கிட்டத்தட்ட 300 கிலோ. நாள் முழுவதும் முதல் கியரிலேயே சுற்ற வைக்கிறார்களாம். எதற்கென்றே தெரியவில்லை என்று தொலைபேசியில் அழுதாள். கார்கள் இருக்கும் காலத்தில், உயரமான பூட்சும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து கம்பீரம் காட்டுவதைத் தவிர இந்தப் பிரிவு எதற்கு? அவளுக்கு நான் என்ன சொல்வது?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் தங்கையின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

வேகமாகப் போகும் மோட்டார் சைக்கிள் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். சக்கரங்களின் சுழற்சி, முன் சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும் சாய்வு, எடை பரவியிருக்கும் விதம் எல்லாம் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. நெடுஞ்சாலையில் போகும்போது வண்டியை நாம் தாங்குவதில்லை, வண்டிதான் நம்மைத் தாங்குகிறது. வேகம் குறையக் குறைய அந்த உதவி ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும். நடை வேகத்துக்கு வந்ததும் முழு எடையும் ஓட்டுபவரின் பொறுப்பாகிவிடும். அமெரிக்கப் போலீசார் ஓட்டும் பெரிய ஹார்லி-டேவிட்சன் ஏறத்தாழ 370 கிலோ. அதை 24 அடி அகலத்துக்குள் ஹேண்டில் முட்டும்வரை திருப்பி, கால் ஊன்றாமல் யூ-டர்ன் எடுக்கப் பழக்குகிறார்கள். அங்கே பரவலாக நடக்கும் அடிப்படைப் பயிற்சி இரண்டு வாரம், 80 மணி நேரம். அதில் பெரும்பகுதி கூம்புகளுக்கு நடுவேதான் கழிகிறது.

அந்த யூ-டர்னில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆக்சிலேட்டர் ஒரே அளவில் நிற்க வேண்டும். கிளட்ச் முழுதாகப் பிடிக்கவும் கூடாது, முழுதாக விடவும் கூடாது. அந்தப் பாதிக் கிளட்சில் விரலின் ஒரு நூலிழை அசைவுதான் வண்டியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. வலது கால் பின் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கும். எஞ்சின் முன்னே இழுக்க, பிரேக் பின்னே பிடிக்க, அந்த இரண்டு விசைகளின் இழுபறியில் வண்டி விறைப்பாக நிற்கும். உடல் வண்டி சாயும் பக்கத்துக்கு எதிராகச் சாயும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் போதும், வண்டி படுத்துவிடும். தங்கை பதினொரு முறை விழுந்ததில் பாதியாவது இப்படித்தான் நேர்ந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

மீதிப் பாதி கண்ணால் நேர்ந்திருக்கும். வண்டி கண் போகும் இடத்துக்குப் போகும். கூம்பைப் பார்த்தால் கூம்பை இடிக்கும், தரையைப் பார்த்தால் தரைக்கு வரும். யூ-டர்ன் எடுப்பவர் முகவாய் தோளைத் தொடும் அளவுக்குத் தலையைத் திருப்பி, தான் வெளியேறப் போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். இது என் உடம்புக்குப் புரிந்தது சில ஆண்டுகளுக்கு முன்புதான். ஒரு பயிற்சித் திடலில், ஓய்வுபெற்ற போலீஸ் பயிற்றுநர் ஒருவர் என் எதிரில் நின்று என் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை அவர் பார்க்கவே இல்லை. நான் தரையைப் பார்த்த ஒவ்வொரு முறையும், வண்டி ஆடுவதற்கு முன்பாகவே அவர் கை உயர்ந்தது.

இதெல்லாம் வேடிக்கை காட்டும் வித்தை என்றுதான் நீங்கள் நினைக்கிறீர்கள். ஆனால் அந்தக் காவலர் வெளியே என்ன செய்கிறார் என்று பாருங்கள். நெரிசலில் நின்றுவிட்ட வண்டிகளுக்கு இடையே புகுந்து விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்கிறார். எதிர்த்திசையில் விதி மீறிப் போன காரைக் கண்டதும், குறுகிய சாலையில் ஒரே வீச்சில் திரும்புகிறார். ஊர்வலத்தின் முன்னால் மணிக்கணக்கில் ஊர்ந்து போகிறார். ஜப்பானில் புத்தாண்டை ஒட்டி நடக்கும் ஹகோனே தொடரோட்டத்தில், இரண்டு நாட்களில் 217 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் மாணவர்களுக்கு முன்னால் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் செல்கின்றன. ஓடுபவரின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவு. அந்தச் சீரான மெல்லோட்டத்தை மலைப்பாதையின் வளைவுகளிலும் காக்க வேண்டும். முன்னால் செல்லத் தேர்வாவதை அங்கே காவலர்கள் பெரும் கௌரவமாகக் கருதுகிறார்கள். அந்த வேலைக்காகவே போலீசில் சேர்ந்தவர்கள்கூட உண்டு.

அந்த வண்டிகளுக்கு அங்கே 'ஷிரோபாய்', அதாவது வெள்ளை வண்டி, என்று பெயர். முதலில் சிவப்பாக இருந்தவற்றை 1936-இல் வெள்ளைக்கு மாற்றினார்கள். ஷிரோபாய் ஓட்டுபவர்களுக்குத் தேசிய அளவில் ஒரு போட்டி நடக்கிறது. சமநிலை, தடைகளைக் கடத்தல், கரடுமுரடான தரை, கூம்புகளுக்கு இடையே வளைந்தோடுதல் என்று நான்கு பிரிவுகள். அதன் பெயரில் வேகம் என்ற சொல்லே கிடையாது. அது 'பாதுகாப்பான ஓட்டுதல்' போட்டி.

பந்தய வீரர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் எட்டும் எல்லையை எந்தப் போலீசாரும் எட்ட முடியாது. ஆனால் பந்தய வீரர் அதே வளைவை நூறு முறை பார்க்கிறார். எதிரில் எதுவும் வராது, கதவு திறக்காது, நாய் குறுக்கே ஓடாது. தடத்தில் எண்ணெய் சிந்தினால் கொடி காட்டுவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவருக்கு ஓட்டுவது ஒன்றுதான் வேலை. போலீசாருக்கு ஓட்டுவது வேலையே அல்ல. முன்னால் போகும் காரின் பதிவெண்ணைப் படிக்க வேண்டும், வயர்லெஸ்ஸில் பேச வேண்டும், உள்ளே இருப்பவர் கையை எங்கே கொண்டுபோகிறார் என்று பார்க்க வேண்டும், அடுத்த சந்திப்பில் யார் நிற்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். மனம் அங்கெல்லாம் போயிருக்கும்போது வண்டியை உடம்பு தானாக ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். தங்கையை நாள் முழுவதும் முதல் கியரில் சுற்ற வைப்பது, ஓட்டுவதைப் பற்றி அவர் இனி நினைக்காமல் இருப்பதற்காகத்தான். தமிழில் நிதானம் என்ற சொல் மெதுவாகச் செல்வதையும் குறிக்கிறது, பதறாத தெளிவையும் குறிக்கிறது. அந்தத் திடலில் இரண்டையும் ஒன்றாகவே கற்றுக்கொடுக்கிறார்கள்.

வேகமாக ஓட்டுவதையும் கற்றுக்கொடுக்கிறார்கள். அதுவும் கண்ணில்தான் தொடங்குகிறது. பிரிட்டனில் 1930-களில் ஹெண்டன் போலீஸ் ஓட்டுநர் பள்ளியில் உருவாகத் தொடங்கிய முறை 'ரோட்கிராஃப்ட்' என்ற கையேடாக 1955-இல் வெளிவந்தது. முதலில் தகவல், பிறகு சாலையில் வண்டி இருக்க வேண்டிய இடம், பிறகு வேகம், கியர், கடைசியாக முடுக்கம் என்பது அந்த வரிசை. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் போகக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் போகிறோம். ஆபத்தை உணர்ந்து பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி. அதன்பின் உலர்ந்த தரையில் நன்றாகப் பிடித்தாலும் வண்டி நிற்க ஏறத்தாழ 50 மீட்டர். வளைவுக்கு அப்பால் தெரிவது 60 மீட்டர்தான் என்றால் 100-இல் போகக் கூடாது. இதை அறிந்தவர் சைரன் ஒலிக்கும்போதும் வேகத்தைக் குறைப்பார். நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

லண்டன் மாநகரக் காவல்துறையில் சிறப்பு மெய்க்காவல் பிரிவு ஒன்று இருக்கிறது. முக்கிய விருந்தினர்களின் கார்களை நெரிசலுக்குள் நிற்காமல் கொண்டுபோவது அதன் மோட்டார் சைக்கிள் காவலர்களின் பணி. ஒருவர் சந்திப்பில் போக்குவரத்தை நிறுத்துவார். கார்கள் கடந்ததும் பின்னாலிருந்து எல்லாரையும் தாண்டி அடுத்த சந்திப்புக்கு முன்னேறுவார். இதற்கு அவர்கள் பயன்படுத்துவது சைரன் அல்ல, வாயில் வைத்த விசில். சைரன் கேட்டால் எல்லாரும் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். விசில் ஒலித்தால் திரும்பிப் பார்க்கிறார்கள். கை காட்டியபடி நடக்கிறார்கள்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 1908-இல் டெட்ராய்ட் போலீசுக்கு வண்டி கொடுத்தது முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. கவாசாகியின் போலீஸ் வண்டியான கேஇசட்1000பி 1982 முதல் 2005 வரை பெரிய மாற்றம் இல்லாமல் உற்பத்தியானது. அதைப் பழைய காலத்து வண்டி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காவலருக்கு வேண்டியது புதுமை அல்ல. நாள் முழுவதும் வெயிலில் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடினாலும் சூடேறிச் சாகாத, விளக்குகளுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் மின்சாரம் தளராமல் தரும், விழுந்தாலும் கம்பிகள் தாங்கிக்கொள்ளும் வண்டி. கருவிகளை ஏற்றுவதிலும் அளவு வேண்டும். மயிலிறகானாலும் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்று நம் முன்னோர் சொன்னது இந்த வண்டிகளுக்கும் பொருந்தும். பின்புறம் பெட்டிகளும் கருவிகளும் ஏறிய கனமான வண்டி, அதிவேகத்தில் பாம்பு போல நெளியத் தொடங்கலாம். பிரிட்டனில் ஒரு காவலர் வண்டி அப்படி நெளிந்து இறந்த பிறகு, பல காவல்துறைகள் அவர் ஓட்டிய மாடலையே விலக்கிக்கொண்டன.

பூட்ஸும் கண்ணாடியும் கம்பீரத்துக்காக என்றீர்கள். முழங்கால்வரை வரும் பூட்ஸ் குதிரைப் படையிலிருந்து வந்தது, உண்மைதான். ஆனால் வண்டி சாயும்போது அதற்குக் கீழே மாட்டுவது கால். கொதிக்கும் புகைக்குழாயை ஒட்டி நாள் முழுவதும் இருப்பதும் அதே கால். இப்போது பல நாடுகளில் காற்றுப்பை மேலங்கி அணிகிறார்கள். அதை ஒரு கயிறு வண்டியோடு இணைக்கிறது. ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு, தரையைத் தொடும் முன்பே கழுத்தையும் முதுகையும் சுற்றி மேலங்கி ஊதிக்கொள்ளும்.

ஹெல்மெட்டின் கதையை மட்டும் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரின் அரேபியப் போர்முனையில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் அதிகாரி டி. இ. லாரன்ஸ், 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ் அந்த மரணத்தை மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், இருளில் செய்தி கொண்டுபோகும் ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். 1941-இல் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். போருக்கு முந்தைய 21 மாதங்களில் பிரிட்டனில் 1,884 மோட்டார் சைக்கிள் மரணங்கள். போரின் முதல் 21 மாதங்களில் 2,279. ஹெல்மெட் அணிந்து அடிபட்டவர்களாக அவருக்குக் கிடைத்தவர்கள் ஏழு பேர்தான். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் எல்லா மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கும் அது சட்டமானது 1973-இல். இடையில் கழிந்த முப்பத்திரண்டு ஆண்டுகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கார் போதாதா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. கார் பாதுகாப்பானது, அதை மறுக்க முடியாது. ஆனால் நெரிசலில் கார் நின்றுவிடும், அடிபட்டவர் காத்திருக்க வேண்டியதாகும்.

கடைசியாக, தங்கையின் 54 கிலோவுக்கு வருகிறேன். ஓட்டும்போது எடை பொருட்டல்ல. டோக்கியோ காவல்துறையில் ஷிரோபாய் ஓட்டும் பெண்களுக்கென்றே ஓர் அணி இருக்கிறது. விழுந்த வண்டியைத் தூக்குவதற்கும் வழி உண்டு. கைகளாலும் இடுப்பாலும் இழுத்தால் பயில்வானுக்கும் முதுகு போய்விடும். எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் பக்கத் தாங்கியை விரித்துவிட வேண்டும். ஹேண்டிலைத் தரையை நோக்கி முழுதாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் பின்புறத்தைப் பதித்துக் குந்த வேண்டும். ஒரு கை ஹேண்டிலில், மற்றது பின்னால் உள்ள கம்பியில். பிறகு முதுகை நேராக வைத்து, கால்களால் தள்ளியபடி சிறு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். வண்டி எழுந்துவிடும். பயிற்றுநர் இதை ஏற்கெனவே காட்டியிருப்பார். அழுகையில் கவனித்திருக்க மாட்டார். நாளை காலை ஒருமுறை, யாரும் விரட்டாத நேரத்தில், தானே வண்டியை மெல்லப் படுக்க வைத்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க முடியும் என்று தெரிந்துவிட்டால் விழுவோம் என்ற பயம் பாதியாகக் குறையும். கண் தரையை விட்டு எழும்பும்.

பயிற்சி முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தக் கூம்பு கடைசிவரை அவருக்கு அடங்காமல் நின்றது என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்