ஜூலியின் இடுப்பும் உங்கள் குற்ற உணர்ச்சியும்

கேள்வி: எங்கள் ஜூலி லாப்ரடார். 14 மாதம் ஆகிறது. தாய், தகப்பன், பாட்டன் பெயரெல்லாம் அச்சடித்த பெடிக்ரீ சான்றிதழோடுதான் வாங்கினோம். சில வாரங்களாகப் படுத்தால் எழுந்திருக்கச் சிரமப்படுகிறாள். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவுகிறாள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இரண்டு பக்கமும் ஹிப் டிஸ்ப்ளேசியா, பரம்பரையாக வருவது என்றார். குட்டியில் கால்சியம் டானிக் கொடுத்தேன், மாடிப்படி ஏற விட்டேன். என்னால்தான் இப்படி ஆனதா? வளர்ப்பாளரோ, “எங்கள் நாய்களில் இப்படி வந்ததே இல்லை. வேண்டுமானால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஈத்தில் வேறு குட்டி எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். ஒரு முறை குட்டி போட்டால் உடம்பு தேறிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இனி ஜாதி நாயே வேண்டாம் என்கிறார் கணவர். ஜூலியோடு பிறந்த ஒரு குட்டி தெரிந்தவர் வீட்டில் வளர்கிறது. அவரிடம் சொல்லவா, வேண்டாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

ஜூலியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஒரு வருடமாக உங்களோடு வாழ்ந்த நாய்க்கு வீடு மாறுவதே பெரிய துயரம். அதைவிட எனக்குக் கவலை, அங்கே போனபின் அவளை என்ன செய்வார்கள் என்பது. இந்த நோய் தன் நாய்களில் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஒருவர், சான்றிதழ் உள்ள ஒரு பெண் லாப்ரடாரிடமிருந்து குட்டி எடுக்காமல் இருப்பார் என்று எப்படி நம்புவது? அடுத்த ஈத்துக் குட்டியும் அதே ஜோடிக்குப் பிறந்ததென்றால் அதே ஆபத்து அதற்கும் உண்டு.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு வருகிறேன். ஹிப் டிஸ்ப்ளேசியா ஒரே ஒரு மரபணுவின் வேலை இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து, இடுப்பு மூட்டு தளர்வாக அமையும் வாய்ப்பை உண்டாக்குகின்றன. பிறக்கும்போது மூட்டு பார்வைக்குச் சரியாகவே இருக்கும். குட்டி வேகமாக வளரும் மாதங்களில்தான், தொடை எலும்பின் உருண்டைத் தலை அதற்கான குழிக்குள் கச்சிதமாக உட்காராமல் வழுக்கத் தொடங்குகிறது. வழுக்க வழுக்கக் குருத்தெலும்பு தேய்கிறது, பிறகு வீக்கம், வலி. பின்னங்கால்களைச் சேர்த்துத் தாவுவது, இடுப்பை அதிகம் அசைக்காமல் ஓட ஜூலி தானாகவே கண்டுபிடித்த வழி.

வளர்ப்புக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். பெரிய உடல்வாகுள்ள இனங்களின் குட்டிகளுக்குத் தேவைக்கு மேல் கால்சியம் கொடுத்தால் எலும்பு வளர்ச்சி கெடும். டானிக் இன்னும் வீட்டில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். படிகளைப் பொறுத்தவரை, நார்வேயில் லாப்ரடார், நியூஃபவுண்ட்லாந்து, லியோன்பெர்கர், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் ஆகிய நான்கு இனங்களைத் தொடர்ந்து கவனித்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. பிறந்து மூன்று மாதத்துக்குள் படிகளில் ஏறி இறங்கிய குட்டிகளுக்கு ஆபத்து கூடுதலாகவும், அதே வயதில் திறந்த வெளியில் கயிறு இல்லாமல் ஓடி விளையாடியவற்றுக்குக் குறைவாகவும் இருந்தது. ஆனால் படி ஏறிய எத்தனையோ குட்டிகள் நல்ல இடுப்போடு வளர்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சரியாகச் செய்த வீடுகளிலும் இந்த நோய் வந்திருக்கிறது. தளர்ந்த மூட்டுக்கான மரபணுக்களை நீங்கள் கொடுக்கவில்லை, அவை தாய் தகப்பனிடமிருந்து வந்தவை. ஆகவே “யாரால்” என்ற கேள்வியை இத்தோடு விட்டுவிடுங்கள். மரபணுவை இனி மாற்ற முடியாது. அவளுக்கு எவ்வளவு வலி இருக்கும் என்பது மட்டும் இன்னும் பெருமளவு உங்கள் கையில் இருக்கிறது.

அதிலும் சாப்பாட்டுக் கிண்ணத்தில். இந்த நோயில் மிக அதிகம் உதவுபவற்றில் ஒன்று எடையைக் கட்டுக்குள் வைத்திருப்பது. இதைக் காட்டிய ஓர் ஆய்வு லாப்ரடார்களை வைத்தே நடந்தது. 48 குட்டிகளை 24 ஜோடிகளாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்று சாப்பிடுவதைவிட 25 சதவீதம் குறைவாக மற்றொன்றுக்குக் கொடுத்தார்கள். எட்டு வார வயதில் தொடங்கி வாழ்நாள் முழுக்க இப்படியே. 2002இல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை நடுமதிப்பில் 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11.2 வருடம். இடுப்பு மூட்டுத் தேய்மானமும் ஒல்லியான நாய்களுக்குக் குறைவாக, தாமதமாகவே வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருட ஆயுள், வலி குறைந்த ஆயுள், வெறும் சாப்பாட்டு அளவினால்! எந்த மாத்திரையும் இப்படி ஒரு பலனைத் தருவதாக நான் அறிந்ததில்லை.

இதில் ஒரு சிக்கல், ஜூலி லாப்ரடார் என்பதுதான். நாலில் ஒரு லாப்ரடாருக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்களுக்குச் சாப்பாட்டின் மீது ஆர்வம் மற்றவற்றைவிட அதிகம், உடம்பும் எடை போடுகிறது. எனவே தட்டைக் காலி செய்துவிட்டு அவள் உங்களைப் பார்க்கும் அந்தப் பார்வையை மட்டும் வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள். விலா எலும்புகள் மீது உள்ளங்கையை வையுங்கள். அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும், பக்கவாட்டில் பார்த்தால் வயிறு மேல்நோக்கி ஏறியிருக்க வேண்டும். உணவைக் கண்ணளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். பயிற்சிக்குக் கொடுக்கும் தின்பண்டமும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வையுங்கள். வீட்டில் ஒருவர் ரகசியமாக ஊட்டினாலும் கணக்கு கெட்டுவிடும், ஆகவே எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். பெரியவர்களுக்கு இது கல்நெஞ்சம் மாதிரி தோன்றலாம். எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

நடையை நிறுத்தாதீர்கள். பின்தொடைத் தசைகள்தான் அந்தத் தளர்ந்த மூட்டைப் பிடித்து வைத்திருப்பவை. ஓய்வு என்ற பெயரில் படுக்க வைத்தால் தசை கரைந்து வலி கூடும். தினமும் ஒரே மாதிரி, கயிற்றில் பிடித்து, சின்னச் சின்ன நடைகள் போதும். வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு விடுமுறை நாளில் மணிக்கணக்கில் ஓட விடுவது ஆகாது. பந்து எறிந்து துரத்த விடுவதையும், துள்ளிப் பிடிக்க வைப்பதையும் விட்டுவிடுங்கள். சட்டென்று திரும்பும் அந்த நொடியில்தான் மூட்டு அதிகம் அடிபடுகிறது. பாதுகாப்பாக நீந்த வசதி இருந்தால் அது அருமையான பயிற்சி. வீட்டில் வழவழப்பான தரை என்றால் அவள் நடமாடும் வழியில் பாய் அல்லது ரப்பர் விரிப்பு போடுங்கள். நகத்தையும் பாதத்துக்கு அடியில் விரல்களுக்கு நடுவே வளரும் முடியையும் வெட்டி விடுங்கள். படுக்கை தடிமனாக இருக்கட்டும்.

வலி மருந்து கொடுக்கத் தயங்காதீர்கள், ஆனால் டாக்டர் நாய்க்கென்று எழுதியதை மட்டும். நமக்கு வாங்கி வைத்த இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் கொடுத்துவிடாதீர்கள். குடலில் புண், சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் சேதம் என்று உயிருக்கே ஆபத்தாகும். நாய்களுக்கான வீக்க மருந்துகளைத் தொடர்ந்து கொடுக்கும்போதும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். வாந்தி, கறுப்பு மலம் கண்டால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நாய் வலியைச் சத்தம் போட்டுச் சொல்வது அபூர்வம். எழுந்திருக்க எவ்வளவு நேரம் எடுக்கிறாள், நடையில் எங்கே நின்றுவிடுகிறாள், இடுப்பைத் தொட்டால் விலகுகிறாளா என்று குறித்து வாருங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை அந்தக் குறிப்பு காட்டிக்கொடுக்கும்.

ஒரு ஆறுதலான விஷயமும் உண்டு. இந்த வயதில் வரும் வலியில் பெரும்பகுதி மூட்டுத் தளர்வினால் வருவது. மூட்டைச் சுற்றியுள்ள திசு தடித்து இறுகும்போது பல நாய்கள் ஒன்று, ஒன்றரை வயதுக்குப் பிறகு ஓரளவு தெளிந்துவிடுகின்றன. தேய்மான வலி பிற்பாடு தலைகாட்டலாம், ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் நிலை அப்படியே மோசமாகிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். அறுவை சிகிச்சைகள் இருக்கின்றன. எலும்பை வெட்டிக் குழியின் கோணத்தைத் திருப்பும் வகை, தேய்மானம் தொடங்காத இளம் நாய்களுக்கானது. முழு மூட்டு மாற்றும் வகை, மருந்துக்கும் எடைக்கும் அடங்காத வலிக்கு. ஜூலிக்கு எது தேவை, தேவையா என்பதை எலும்பு அறுவை சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். அவசரமில்லை.

சரி, குட்டி போடும் விஷயம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது: வேண்டாம். ஒரு ஈத்து போட்டால்தான் பெண் நாய்க்கு ஆரோக்கியம் என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. வலிக்கிற இடுப்பில் சினைக்காலத்து எடையையும் ஏற்றுவது அவளுக்குக் கொடுமை. அதற்கும் மேலே, பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் இதே மரபணுக்களில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டுதான் பிறக்கும். இணை சேரும் ஆண் எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் சரி. கருத்தடை எப்போது செய்யலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன் செய்வது மூட்டுகளுக்கு அவ்வளவு நல்லதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த வயதை ஜூலி தாண்டிவிட்டாள்.

எல்லாப் பரம்பரை நோய்க்கும் இதே பதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். லாப்ரடார்களுக்கு வரும் ஒரு வகை விழித்திரைச் சிதைவு ஒரே ஒரு மரபணுவால் வருகிறது. கடுமையாக ஓடியதும் பின்னங்கால் துவண்டு விழும் நோயும் அப்படித்தான். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் கெட்ட பிரதி வந்தால்தான் நோய். ஒரு கெட்ட பிரதி மட்டும் உள்ள நாயை கேரியர் என்பார்கள், அதற்கு நோய் வராது. இரண்டு கேரியர்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. கேரியரைக் கெட்ட பிரதியே இல்லாத நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் வராது. இவற்றைக் கண்டுபிடிக்க டிஎன்ஏ பரிசோதனையே போதும். இடுப்புக்கு அப்படி ஒரு பரிசோதனை முடிவு சொல்லிவிடாது. எக்ஸ்ரே எடுத்து மதிப்பெண் போட்டு, நல்ல இடுப்புள்ள நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிட்டனில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 53 வரை மதிப்பெண், குறைவாக இருந்தால் நல்லது. ஒரு வயதானபின்தான் எடுப்பார்கள். அமெரிக்காவில் இறுதித் தரச் சான்று இரண்டு வயதுக்குப் பிறகுதான். உங்களிடம் இருக்கும் பெடிக்ரீ சான்றிதழ் யார் யாருக்குப் பிறந்தவள் என்று சொல்கிறது, அவ்வளவே. உடல்நலத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நம்பிக்கை தரும் உதாரணம் ஒன்று இருக்கிறது. டால்மேஷியன் இனம் முழுக்க சிறுநீரில் யூரிக் அமிலம் அளவுக்கு மீறிச் சேர்ந்து கல் உண்டாகும் குறை பரவியிருந்தது. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு டால்மேஷியனை பாயின்டர் இன நாயோடு ஒரே ஒரு முறை சேர்த்தார். அந்தக் குட்டிகளின் சந்ததியைத் தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்தார்கள். பார்வைக்கு முழு டால்மேஷியன், ஆனால் குறை இல்லாத நாய்கள் கிடைத்தன. சுத்த ரத்தம் கெட்டுவிட்டது என்று எதிர்ப்பு கிளம்பி, அமெரிக்கன் கென்னல் கிளப் 2011இல்தான் அவற்றைப் பதிவுக்கு ஏற்றது. மனிதர்கள் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த குறையை மனிதர்களே தேர்ந்தெடுத்து நீக்கலாம், பேப்பரைவிட நாய் முக்கியம் என்று நினைத்தால். இன்னொரு நாய் எடுக்கும் நாள் வந்தால், தாய் தகப்பன் இருவரின் இடுப்பு எக்ஸ்ரே மதிப்பெண்ணும் டிஎன்ஏ முடிவும் காட்டும் வளர்ப்பாளரிடம் போங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

கடைசியாக, தெரிந்தவரிடம் அவசியம் சொல்லுங்கள், இந்த வாரமே. அவர் பயப்படுவார், சங்கடப்படுவார். ஆனால் அவர் வீட்டுக் குட்டிக்கும் 14 மாதம்தான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டு தளர்ந்திருந்தால் இப்போதே எடையைக் கட்டுப்படுத்தினால் பல வருட வலியை அது தவிர்க்க முடியும். நீங்கள் மௌனமாக இருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். நாளை அவர் அதை இணை சேர்க்க நினைத்தாலும் தெரிந்து முடிவெடுப்பார். வளர்ப்பாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சண்டை வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஜூலியின் பிறந்த தேதி, பதிவு எண், டாக்டரின் அறிக்கை, எக்ஸ்ரே பிரதி எல்லாவற்றையும் இணையுங்கள். அந்த ஜோடியை மறுபடி சேர்க்க வேண்டாம் என்றும், இருவருக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றும், அந்த ஈத்தில் குட்டி வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்றும் தெளிவாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால், அவர் நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்புக்கு அதே கடிதத்தின் நகலை அனுப்பிவிடுங்கள்.