அப்பாவின் லைசென்ஸ் அட்டையில் நான்கு வெவ்வேறு வருடங்கள் இருக்கின்றன. எதைக் கணக்கில் எடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது. அப்பா 1972 ஆகஸ்டில் பிறந்தவர். அவருடைய லைசென்ஸ் எண்ணுக்குள் 2009 என்று இருக்கிறது. முன்பக்கத்தில் வழங்கிய தேதி 2022 ஜூலை. பின்பக்கத்தில் காருக்கு நேராக 2017. வேலிடிட்டியில் என்.டி. என்ற இடத்தில் 2032, டி.ஆர். என்ற இடம் காலி. எண் டி.என்.37 என்று தொடங்க, கார் வரிசையில் மட்டும் டி.என்.59 என்று இருக்கிறது. அட்டையில் பிழையா, இதை வைத்துக் கார் ஓட்டலாமா?

பிழை இல்லை. சொந்தக் காரையும் பைக்கையும் 2032 ஜூலை வரை ஓட்டலாம். அந்த நான்கு வருடங்களும் நான்கு வேறு விஷயங்களைச் சொல்கின்றன. அவை ஒத்துப்போகாதது இயல்புதான்.

வாகனக் காப்பீட்டு கிளெய்ம்களைப் பரிசீலிப்பது என் வேலை. விபத்துக் கோப்பில் லைசென்ஸ் நகல் வந்ததும் நான் தேடுவது பின்பக்கத்தை. முன்பக்கம் மட்டும் நகலெடுத்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம். முன்பக்கத்தில் ஆள் யார் என்பது இருக்கிறது. எந்த வண்டியை எந்த நாளிலிருந்து ஓட்டலாம் என்பது பின்பக்க அட்டவணையில்தான் இருக்கிறது.

முதலில் எண். டி.என். மாநிலம், 37 கோவை தெற்கு ஆர்.டி.ஓ., அடுத்த நான்கு இலக்கம் வருடம், கடைசி ஏழு இலக்கம் அந்த அலுவலகத்து வரிசை எண். மொத்தம் 15 எழுத்தும் இலக்கமும். அப்பா முதன்முதலாக 2009-இல் கோவையில் லைசென்ஸ் எடுத்தார் என்பதைத் தவிர அந்த எண் வேறெதையும் சொல்லாது. பிறகு ஊர் மாறலாம், புதுப்பிக்கலாம், இன்னொரு வகை வண்டியைச் சேர்க்கலாம். எண் அப்படியே தொடரும். டி.என்.59 என்பது மதுரை வடக்கு. 2017-இல் அங்கே இருந்தபோது காருக்கு டெஸ்ட் கொடுத்துச் சேர்த்திருக்கிறார். பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இணையத்தில் தேடும்போது ‘எண் இல்லை’ என்று வருவதும் இந்த ஏழு இலக்கக் கணக்கால்தான். கடைசிப் பகுதி நான்கைந்து இலக்கமே இருந்தால், முன்னால் பூஜ்யங்களைச் சேர்த்து ஏழாக்கிப் பாருங்கள்.

இனி அந்த அட்டவணை. ஒவ்வொரு வகை வண்டிக்கும் தனி வரிசை, தனி தேதி. உங்கள் அப்பாவுக்கு பைக் 2009, கார் 2017. இது வெறும் பதிவு விவரம் இல்லை. அவர் 2015-இல் கார் ஓட்டி ஒரு விபத்து நடந்திருந்தால், “லைசென்ஸ்தான் 2009-லேயே எடுத்துட்டேனே சார்” என்ற பதில் எடுபடாது. அன்றைக்கு அவரிடம் இருந்தது பைக் லைசென்ஸ். காரைப் பொறுத்தவரை அவர் லைசென்ஸ் இல்லாதவர். சொந்த வண்டியின் சேதத்துக்கான கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். எதிரில் அடிபட்டவருக்கான இழப்பீட்டை முதலில் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் பெரும்பாலும் உத்தரவிடுகின்றன. அந்த வசூல் வீடு, நிலம் வரை போகும். தகராறான கோப்புகளில் காலாவதியான லைசென்ஸைக் காட்டிலும் இந்த வகைப் பொருத்தமின்மை எனக்கு அதிகம் உறுத்தும். லைசென்ஸ் காலாவதியானது என்பதாவது ஓட்டியவருக்குத் தெரிந்திருக்கும். இது தெரிந்தே இருக்காது.

அடுத்து 2022-உம் 2032-உம். உங்கள் நண்பர் ஒருவருக்கு 20 வருடம் கொடுத்திருப்பார்கள், அப்பாவுக்குப் பத்துதான். ஏன் இந்த வித்தியாசம் என்றும் கேட்டிருந்தீர்கள். 2019 செப்டம்பர் வரை இருந்த விதி இது: 20 வருடம் அல்லது 50 வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரை. 2009-இல் அப்பாவுக்கு 36, 37 வயது. அதனால் 2029 வரை போகாமல் 2022 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. இப்போதுள்ள விதி வேறு. லைசென்ஸ் எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ 30 வயது ஆகாதவருக்கு 40 வயது வரை செல்லும். 30-லிருந்து 50-க்குள் இருந்தால் பத்து வருடம். 50-லிருந்து 55-க்குள் இருந்தால் 60 வயது வரை. 55 தாண்டியவர்களுக்கு ஐந்தைந்து வருடமாக. ஆக 20 வயதுப் பையனுக்கு 20 வருடம், 29 வயதுக்காரருக்கு 11, 30 முடிந்தவருக்குப் பத்து. அப்பா 50-ஐத் தொடுவதற்கு ஒரு மாதம் முன்பு புதுப்பித்திருக்கிறார், அதனால் பத்து வருடம். ஐம்பது முடிந்தபின் போயிருந்தால் 60 வயது வரை, அதாவது 2032 ஆகஸ்ட் வரை கிடைத்திருக்கும். ஒரு மாத லாபம்! ஆனால் இடையில் லைசென்ஸ் இல்லாத நாட்கள் வந்திருக்கும். அவர் செய்ததே சரி.

அந்த இடைவெளியைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு, தேதி முடிந்த பிறகும் 30 நாள் வரை லைசென்ஸ் செல்லும் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருந்தது. 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. “ஒரு மாசம் கிரேஸ் இருக்கு சார், மெதுவா பண்ணிக்கலாம்” என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. நம்பாதீர்கள். முடிந்த தேதிக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம் என்பது வேறு, அந்த ஒரு வருடமும் ஓட்டலாம் என்பது வேறு. புதுப்பித்த நாளிலிருந்துதான் புதிய காலம் தொடங்கும், விட்டுப்போன நாட்களுக்குப் பின்னோக்கிச் செல்லாது. ஒரு வருடமும் தாண்டினால் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய்.

என்.டி. என்றால் நான்-டிரான்ஸ்போர்ட், சொந்த உபயோக வண்டிகள். டி.ஆர். என்றால் டிரான்ஸ்போர்ட், அதாவது வாடகைக்கும் சரக்குக்கும் ஓடுகிற மஞ்சள் நம்பர் பிளேட் வண்டிகள். அப்பா அதற்குத் தனியாக எடுக்கவில்லை, அதனால் காலி. எடுத்தவர்களுக்கு டி.ஆர். தேதி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் (முன்பு மூன்று). என்.டி. தேதி தூரத்தில் இருக்கும். டி.ஆர். முடிந்துவிட்டால் மொத்த லைசென்ஸும் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், சொந்தக் காரை என்.டி. தேதி வரை ஓட்டலாம். லாரி, பஸ்ஸைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

டாக்ஸிக்கும் குட்டி யானைக்கும் டி.ஆர். வேண்டுமா என்பது பல வருடங்கள் நீதிமன்றங்களில் இழுபட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு வேண்டாம் என்றது. காப்பீட்டு நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளாமல் மேலே கொண்டுபோக, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியாக இருந்தால், எல்.எம்.வி., அதாவது கார் லைசென்ஸ் உள்ளவர் அது டிரான்ஸ்போர்ட் வண்டியானாலும் ஓட்டலாம். என் துறை தோற்ற வழக்கு என்றாலும் தீர்ப்பு நியாயம் என்றே நினைக்கிறேன். ஐந்து பேர் உட்காரும் அதே கார், பிளேட்டின் நிறம் மாறியதால் ஓட்டத் தெரியாத வண்டியாகிவிடாது. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளும் இ-ரிக்‌ஷாவும் இந்தத் தீர்ப்புக்குள் வரவில்லை.

குறியீடுகளில் அதிகம் குழப்புவது டூ வீலர்தான். எம்.சி.டபிள்யூ.ஜி. என்றால் கியர் உள்ள பைக். நடுவில் ஓர் ‘ஓ’ சேர்ந்து எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்றிருந்தால் கியர் இல்லாதது. முதல் வகை இருந்தால் ஸ்கூட்டரும் ஓட்டலாம். இரண்டாவது மட்டும் இருந்தால் பைக் ஓட்டக் கூடாது. ஸ்கூட்டியில் ‘எட்டு’ போட்டு லைசென்ஸ் எடுத்துவிட்டு, பிறகு அண்ணனின் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும் பிள்ளைகளின் அட்டையை வீட்டில் ஒருமுறை வாங்கிப் பார்ப்பது நல்லது. மின்சார ஸ்கூட்டரும் கியர் இல்லாத வகைதான். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டார் உள்ள சின்ன மின்வண்டிகளுக்கு மட்டும் லைசென்ஸே தேவையில்லை.

எல்.எம்.வி. என்பதைத்தான் நாம் கார் லைசென்ஸ் என்கிறோம். ஆட்டோமேட்டிக், மேனுவல் என்று இந்தியாவில் பிரிப்பதில்லை. (பிரிட்டன் அட்டையில் 78 என்ற எண் இருந்தால் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று அர்த்தம்.) டிரான்ஸ் என்றிருந்தால் லாரி, பஸ் ஆகிய கனரக வண்டிகள். இதை எடுக்க 20 வயது ஆகியிருக்க வேண்டும், எல்.எம்.வி. எடுத்து ஒரு வருடமும் ஆகியிருக்க வேண்டும். பழைய டிரைவர்களின் லைசென்ஸில் எச்.ஜி.எம்.வி., எச்.பி.எம்.வி. என்று கனரகச் சரக்கும் கனரகப் பயணியும் தனித்தனியாக இருக்கும். 1994 நவம்பரில் வந்த திருத்தம் அவற்றை ஒரே தலைப்புக்குள் கொண்டுவந்தது. ஐ.என்.வி.சி.ஆர்.ஜி. என்பது மாற்றுத்திறனாளிகளுக்கென்று வடிவமைத்த வண்டி, அதற்கு வண்டியின் பதிவு எண்ணும் அட்டையில் வரும்.

மிச்சமுள்ள கட்டங்கள் உங்கள் அப்பாவுக்குக் காலியாகத்தான் இருக்கும். ஹசார்டஸ் வேலிடிட்டி என்பது பெட்ரோல், கேஸ், ரசாயனம் ஏற்றும் டேங்கர் டிரைவர்களுக்கு. அது மூன்று வருடம்தான், புதுப்பிக்கும்போது பயிற்சியும் உண்டு. ஹில் வேலிடிட்டி மலைப்பாதையில் டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டுபவர்களுக்கு. பேட்ஜ் எண் பயணிகளை ஏற்றும் வண்டி டிரைவர்களுக்கு. உறுப்பு தானம் என்ற இடம் மட்டும் நாமே முடிவு செய்து நிரப்பச் சொல்வது.

முன்பக்கம் ஓரத்தில் முதல் வெளியீட்டுத் தேதி என்று சின்னதாக இன்னொன்று இருக்கும், பார்த்தீர்களா? வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுக்கும்போது அதுதான் உதவும். குறைந்தது இத்தனை வருடம் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று அங்கே கேட்பார்கள். 2022 என்ற தேதியை மட்டும் பார்த்தால் அப்பா நேற்று ஓட்டப் பழகியவர் போலத் தெரிவார். நம் அட்டையில் நாள், மாதம், வருடம் என்ற வரிசை. அமெரிக்காவில் மாதம் முதலில் வரும் என்பதால், 05-08 என்று தொடங்கும் தேதியை மே 8 என்று படித்துவிடுவார்கள்.

அட்டவணையில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். புத்தகத்திலிருந்து அட்டைக்கு மாற்றும்போது ஒரு வகை வண்டியே பதிவாகாமல் போன லைசென்ஸ்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் பழைய புத்தகத்தைத் தூக்கி எறியாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எடுத்துப்போங்கள், அதுதான் சான்று. சோதனையில் காட்ட டிஜிலாக்கர் நகல் போதும், 2018-லிருந்து அது அசல் அட்டைக்குச் சமம். அப்பாவின் அடுத்த புதுப்பித்தலுக்கு 2031 ஜூலையிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 40 வயது தாண்டியவர் என்பதால் படிவம் 1ஏ-வில் மருத்துவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும், கண் பரிசோதனையும் அதிலேயே அடக்கம்.