முதுமையில் காது மந்தம்: எலிக்குக் கொடுத்த சத்து மாத்திரை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: லிபோயிக் அமிலம் கொடுத்த எலிகளுக்குக் காது மந்தம் குறைந்ததாமே? அப்பாவுக்கு வாங்கலாமா?

எந்த எலி என்று முதலில் பாருங்கள். 2009-ல் சோமேயா என்ற ஆய்வாளரின் குழு லிபோயிக் அமிலத்திலும் கோஎன்சைம் க்யூ10-லும் (இரண்டுமே ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் சத்துகள்) பலன் கண்டது சி57பிளாக்/6 என்னும் ஆய்வகச் சுண்டெலி இனத்தில். கேட்ஹெரின்-23 மரபணுவில் பிறவிக் குறை உள்ள இனம் அது. பாதி ஆயுளுக்குள் கீச்சொலிகள் கேட்காமல் போய்விடும். அந்தக் குறை இல்லாத சிபிஏ/ஜே என்னும் இன்னொரு சுண்டெலி இனத்துக்கு 10-ஆம் மாதம் முதல் 24 வரை வைட்டமின் ஏ, சி, இ, கார்னிடின், லிபோயிக் அமிலம் எல்லாம் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள் (2012, ஷா, ஷாக்ட் குழு). உட்செவியில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறன் கூடியது. காது மந்தமானதென்னவோ அதே வேகத்தில்தான்.

கேள்வி: கேட்கிறதா என்று எலி எப்படிச் சொல்லும்?

மயக்க மருந்து போட்டு, உச்சந்தலையிலும் காதோரத்திலும் தோலடியில் ஊசி மின்முனை செருகுவோம். ஒரே ஒலியை நூற்றுக்கணக்கான முறை கொடுத்து, மூளைத்தண்டில் எழும் மின்னலைகளின் சராசரி எடுப்போம். ஒலியைப் படிப்படியாகக் குறைக்க, அலை காணாமல் போகும் இடமே கேட்கும் எல்லை. அடியில் வெப்பத் திண்டு கட்டாயம்: உடம்பு குளிர்ந்தால் அலை தாமதிக்கும்.

கேள்வி: க்யூ10 எத்தனை மில்லிகிராம்?

மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு லிபோயிக் அமிலம்...

முதல் பதிலைப் பாருங்கள். எந்த எலி?

கேள்வி: பாதகமான ஆய்வை மட்டும் சொல்கிறீர்கள். 2000-லேயே ஸைட்மன் குழு ஃபிஷர் 344 என்னும் ஆய்வக இனத்துக் கிழட்டு எலிகளில் லிபோயிக் அமிலத்தால் முன்னேற்றம் காட்டியதே!

காட்டியது, மறுக்கவில்லை. என் கேள்வி வேறு: தீவனம் எவ்வளவு தின்றன, எடை எவ்வளவு? பட்டினியே காதைக் காக்கும். 2010-ல் சோமேயா குழுவே கலோரியைக் குறைத்துச் சுண்டெலியின் செவியைக் காத்தது. கசக்கும் மருந்தைத் தீவனத்தில் கலந்தால் எலி அரை வயிறு தின்னும். காது தேறும். பெயர் மாத்திரைக்கு!

அவரே: அப்படியானால் எந்த எலி ஆய்வையும் நம்ப முடியாதே?

எடை அட்டவணை இருந்தால் நம்புவேன். இல்லாவிட்டால் அதைக் கேட்டு ஆய்வாளருக்கு எழுதுவேன்.

கேள்வி: மனிதர்களில் ஒன்றுமே இல்லையா?

நெதர்லாந்தில் 728 முதியவர்களிடம் மூன்றாண்டு ஃபோலிக் அமிலச் (ஒரு பி வைட்டமின்) சோதனை, 2007. தாழ்ந்த சுருதி ஒலிகளில் மட்டும், சத்து எடுத்தவர்களுக்குக் காது மந்தம் 0.7 டெசிபல் குறைவு. அங்கே மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதில்லை, அதனால் அவர்களுக்கு அந்தச் சத்து முன்பே குறைவாக இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.