மகளின் ஹாஸ்டலுக்கு நகையை வைக்கலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு மணலியில் கன்டெய்னர் யார்டில் வேலை, மாதம் 24,000. நான் தையலில் 6,000 வரை பார்க்கிறேன். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கவுன்சிலிங்கில் தாம்பரம் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரி கிடைத்திருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். ஹாஸ்டல் சாப்பாட்டோடு வருடத்துக்கு ஒரு லட்சம். காலேஜ் பஸ் 42,000, அதுவும் மூலக்கடை வரைதான் வருமாம். குரோம்பேட்டையில் என் நாத்தனார் இருக்கிறார், ஆனால் அங்கே விட கணவர் தயங்குகிறார். 8 சவரன் நகை இருக்கிறது. ஹாஸ்டலுக்கு அதை அடகு வைத்துவிடலாமா? மகன் பத்தாவது படிக்கிறான்.

பதில்: வேண்டாம் அம்மா. ஹாஸ்டலில் சேர்ப்பது, சேர்க்காதது உங்கள் விருப்பம். நகையை மட்டும் இதற்காக வைக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். அடகுக்கடையில் ரெண்டு வட்டி என்றால், ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000. ஹாஸ்டல் கட்டணம் ஒரு வருடத்தோடு முடிவதில்லை; அடுத்த வருடம் இன்னொரு லட்சம், அதற்கடுத்து இன்னொன்று. நாலாவது வருடத்தில் மாதம் 8,000 வட்டி மட்டும் போகும். நாலு வருடத்தில் கட்டிய வட்டியே 2,40,000. அசல் நாலு லட்சம் அப்படியே நிற்கும், நகையும் கடையில்தான் இருக்கும். வங்கி நகைக்கடனில் வட்டி குறைவுதான். ஆனால் பெரும்பாலும் ஒரு வருடத்தில் மீட்க வேண்டும், இல்லையென்றால் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்க வேண்டும். மகள் சம்பாதிக்க ஆரம்பிப்பது ஐந்தாவது வருடத்தில். ஒரு வருடக் கடன் இதற்குப் பொருந்தாது.

கல்விக்கடன் இதற்கென்றே இருப்பது. படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கிடையாது. அதே நாலு லட்சத்தை வருடம் ஒரு லட்சமாக வாங்கி, பத்து சதவீதம் தனிவட்டி என்று வைத்தால், நாலு வருட வட்டி ஒரு லட்சம்தான். நாலு லட்சம் வரை உங்கள் கைக்காசும் போட வேண்டாம், ஜாமீனாக சொத்தும் வேண்டாம். இன்னொன்று: உங்கள் வருமானம் ஆண்டுக்கு 3,60,000. 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, நாக் அல்லது என்பிஏ (கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் அமைப்புகள்) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி படித்தால், தவணை இல்லாத அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வருமானச் சான்றிதழ் வருவாய்த் துறையிலிருந்து வாங்கியதாக இருக்க வேண்டும்; இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வங்கிக்குப் போகும்போது, கல்லூரியிலிருந்து நாலு வருடத்துக்குமான கட்டண விவரத்தைப் பிரித்துப் போட்டு வாங்கிப் போங்கள். 'உங்கள் வீடு எங்கள் கிளை எல்லைக்குள் வராது' என்று திருப்பி அனுப்புவார்கள். அதைக் காரணமாகச் சொல்லி மறுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கல்விக்கடனுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி தளத்தில் பதிந்துவிட்டுப் போனால் இந்தப் பேச்சு பாதி குறையும்.

முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்தில் மட்டும்தான், ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் கிடையாது. கவுன்சிலிங்கில் அந்தச் சான்றிதழைக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும், தம்பிக்குக் கிடைக்காது. அவன் செலவுக்கு இப்போதிருந்தே ஏதாவது ஒதுக்குங்கள்.

சரி, எங்கே தங்குவது? தினமும் வீட்டிலிருந்து போய் வருவது காசுக்கு மலிவு. மாணவர் சலுகையில் மின்சார ரயில் சீசன் எடுத்தால் செலவு சொற்பம்தான். திருவொற்றியூரில் ஏறி பீச் நிலையத்தில் தாம்பரம் வண்டி மாற வேண்டும். பீச்சுக்குப் போகாமல் சென்ட்ரல் போகிற வண்டியில் ஏறிவிட்டால், இறங்கி சாலையைக் கடந்து பார்க் நிலையத்துக்கு ஓட வேண்டும். மெட்ரோவில் விமான நிலையம் வரை மாறாமல் போகலாம், ஆனால் போக வர நூறு ரூபாயை ஒட்டி வரும். எப்படிப் போனாலும் ஒரு நாளில் நாலு மணி நேரம் வழியிலேயே கழியும். முதல் வருடக் கணக்குப் பாடத்தில் அரியர் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். அரியரும் செலவுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாத்தனார் வீட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஆனால் சும்மா தங்க விடமாட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே, வார இறுதியில் திருவொற்றியூர். மாதம் 4,000, ஒன்றாம் தேதியே நாத்தனார் கையில். 'தங்கச்சியிடம் காசு கொடுப்பதா' என்று உங்கள் கணவர் கோபப்படுவார். கோபப்பட்டாலும் கொடுக்கச் சொல்லுங்கள். காசு கொடுக்காமல் தங்கினால் ஆறு மாதத்தில் ஃபேன் ஓடுவதிலிருந்து பேச்சு ஆரம்பிக்கும். பத்து மாதத்துக்கு 40,000 ஆகும், ஹாஸ்டலைவிட 60,000 குறைவு. அங்கிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் அவளுக்குப் பயணம் இலவசம். இந்த 4,000 மாதச் சம்பளத்திலிருந்தே போகட்டும். கடன் கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் அதை நீட்டித்துவிட்டார்கள். பணம் அவள் கணக்குக்கே வரும், அதை வீட்டுச் செலவில் சேர்க்காதீர்கள். ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, ரீசார்ஜ் எல்லாம் அதில் ஓடிவிடும். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், சேர்ந்த முதல் வாரமே கேட்கச் சொல்லுங்கள்.

ஹாஸ்டலுக்கு ஏற்கனவே முன்பணம் கட்டியிருந்தால், திரும்பக் கிடைக்குமா என்பதை வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.