வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் இங்கே ஏன் மறுபடியும் தேர்வு எழுத வேண்டும்?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தக் கேள்வி எழுகிறது. கிர்கிஸ்தான், ஜார்ஜியா போன்ற நாடுகளில் செலவு குறைவு என்று பிள்ளைகளை அனுப்புகிறார்கள். ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து இங்கே வைத்தியம் பார்க்க முடியாது. எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் 300 கேள்விகளுக்கு 150 மதிப்பெண்ணாவது எடுக்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு பயிற்சி மாறுவதுதான் காரணம். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். கட்டிலில் கிடக்கும் நோயாளி எங்கே வலிக்கிறது என்பதைக் கிர்கிஸிலோ ரஷ்ய மொழியிலோதான் சொல்வார். அது புரியாத மாணவருக்குப் புத்தக அறிவு மட்டுமே மிஞ்சும். எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்கவே இந்தத் தேர்வு.

கோவையில் வாங்கிய காரை நிரந்தரமாகப் பாலக்காட்டில் வைத்துக்கொண்டால், 12 மாதத்துக்குமேல் போகும்போது கேரளப் பதிவெண் வாங்க வேண்டும் அல்லவா? கார் மோசம் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்தத் தேர்வும் அப்படித்தான்.

சேருமுன் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளைப் பாருங்கள்: குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கிலவழிக் கல்வி, அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பணிபுரியும் தகுதி. நீட் தேர்ச்சியும் கட்டாயம். ஒன்று குறைந்தாலும் ஆண்டுகளும் பணமும் வீண். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்.

'தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரித்த வெளிநாட்டுக் கல்லூரி' என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்; ஆணையம் அப்படி எந்தப் பட்டியலும் வெளியிடுவதில்லை.