'தோர்' என்ற ருமேனியச் சொல்லுக்கு என்ன பொருள்? ஏக்கம் என்று சொன்னால் போதுமா?

ஏக்கம் என்பது தவறில்லை. ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் 'தோர்' முழுதாகப் பிடிபடும்.

ருமேனியாவின் குளூஜ் நகரில் இரண்டு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மாவின் மகள் இத்தாலியில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். செப்டம்பர் வந்தால் அந்த அம்மா கத்தரிக்காயையும் சிவப்புக் குடைமிளகாயையும் சுட்டுத் தோலுரித்து, மணிக்கணக்காகக் கிளறி, 'ஸகூஸ்கா' செய்வார். ஜாடிகளைச் செய்தித்தாளில் சுற்றி, இத்தாலிக்குப் பார்சல் கொண்டுபோகும் வேனில் ஏற்றிவிட்டு வந்து, இரவில் மகளை அழைப்பார். "மியெ தோர் தெ தினெ" என்பார். உன்னை நினைத்து ஏக்கமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதில் 'மியெ' என்பதுதான் முக்கியம். 'எனக்கு இருக்கிறது' என்று பொருள். 'மியெ செத்தெ' என்றால் எனக்குத் தாகமாக இருக்கிறது. 'மியெ ஃப்ரிக்' என்றால் எனக்குக் குளிர்கிறது. பசி, தாகம், குளிர் என்ற வரிசையில்தான் ருமேனியர்கள் தோரையும் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பழக்கத்தில் நான் 'ஆம் தோர்', அதாவது 'என்னிடம் தோர் உண்டு' என்றேன். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மியெ தோர்" என்று இரண்டு முறை சொல்லித் திருத்தினார்.

அப்போதுதான் எங்கள் மதுரைப் பக்கத்துப் பேச்சு நினைவுக்கு வந்தது. விடுதியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, "எனக்கு அம்மாவைத் தேடுகிறது" என்று அழும். 'நான் தேடுகிறேன்' அல்ல, 'எனக்குத் தேடுகிறது'. தோருக்கு இதைவிட நெருங்கிய இணை எனக்குத் தெரியவில்லை. ஆகவே, மொழிபெயர்க்கவே முடியாத சொல் என்று இதைச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

சொல்லின் வேர் வலி. லத்தீனில் 'தொலேரே' என்றால் வலித்தல். உயிரெழுத்துகளுக்கு நடுவில் வந்த லகரம் ருமேனியத்தில் ரகரமானது. தலை வலிக்கிறது என்பதற்கு இன்றும் 'துவாரெ' என்ற வினைதான். 'தோரி' என்றால் விரும்புதல். வலியும் விருப்பமும் ஒரே வேரில் கிளைத்திருக்கின்றன.

தோர் வாழும் இடம் 'தோய்னா' என்ற நாட்டுப்பாடல். கட்டான தாளமில்லாமல், பாடுபவரின் மூச்சுக்கும் மனத்துக்கும் ஏற்ப நீள்வது அது. 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பாடல்களில் தோரை ஓர் ஆளைப் போலவே விளித்துப் பேசுவார்கள். என்னை ஏன் விடமாட்டேன் என்கிறாய் என்று அதனிடமே முறையிடுவார்கள்.

பிரிந்ததை நினைத்து மட்டும் தோர் வருவதில்லை. வீட்டை நினைத்து வருவது 'தோர் தெ காஸெ'. எங்காவது கிளம்பிப் போய்விட வேண்டும் என்ற தவிப்பு 'தோர் தெ தூகெ'. பத்தொன்பது வயதில் மகளுக்கு இருந்தது அந்த இரண்டாவது தோர் என்று அந்த அம்மா சொன்னார். இப்போது அவள் தொலைபேசியில், அடுப்பில் மிளகாய் கருகும் வாசனை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாளாம்.